லயத்துக்கு வளவு எது?



எங்கள் டிவிசனில் ஒரு குடும்பத்துக்குத் தோட்ட ஆபிசிலிருந்து கடிதம் வந்தது. கடிதம் ஆங்கிலத்தில். வாசித்துச் சொல்லுங்கள் மாஸ்டர் என்று அந்த வீட்டுக்காரர் பாடசாலைக்கே கொண்டு வந்தார். லயத்தின் பின்பக்கம் எட்டடிக்குப் பத்தடி ஒரு சிறு அறை கட்டியிருந்தார். மூன்று பக்கம் சீமெந்துக் கல், மேலே தகரம். சாதாரண தரப் பரீட்சை எழுதும் மகள் குசினிப் புகைக்குள் இருந்து படிக்கிறாள் என்பதற்காகக் கட்டிய அறை. கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியம்: உள்ளூர் கட்டட விதிகளுக்கு முரணான இந்த அமைப்பை 14 நாட்களுக்குள் அகற்ற வேண்டும். எந்த விதி, எந்தச் சட்டம், எத்தனையாம் பிரிவு, ஒன்றும் இல்லை.

அவர் பிரதேச சபைக்குப் போனார். "தோட்டக் காணிக்கு நாங்கள் பிளான் பாஸ் பண்ணுவதில்லை, ஆபிசில் சம்மதக் கடிதம் வாங்கி வாங்க" என்றார்கள். ஆபிசுக்குப் போனார். "சபை அனுமதி இல்லாமல் நாங்கள் கடிதம் தர முடியாது" என்றார்கள். மறுபடி சபை. மூன்று நாள் அலைந்தார், மூன்று நாள் பெயர் போனது.

அதே வாரம் பீலிக்கரைக்கு மேலே இளைஞர்கள் வொலிபோல் விளையாட மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வாட்சர் வந்து நிறுத்தினார். காரணம் கேட்டால் அதே பதில்: விதிகளுக்கு முரண்.

பக்கத்துத் தோட்டத்தில் பழைய துரை பங்களா இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி. அங்கே நீச்சல் தடாகத்துக்குக் குழி வெட்டினார்கள். வெட்டியவர்கள் நம் பையன்கள்தான். அதற்கு முறைப்படி அனுமதி எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் நல்லது, அதில் நமக்குக் குறையில்லை. அந்த அனுமதிக்குத் தட்ட வேண்டிய கதவு அவர்களுக்குத் தெரியும், தட்டினால் திறக்கும். நமக்கு இரண்டு கதவுகளைக் காட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் மற்றதைத் தட்டச் சொல்கிறது. இந்த இதழில் நாங்கள் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

காணி யாருடையது?

"கம்பனிக் காணியில் கட்ட நீ யார்?" என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்வோம். 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை வைத்திருந்தன. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. குத்தகை குத்தகைதான். காணியின் சொந்தக்காரர் அரசு. கம்பனி அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. அந்தக் காணியில் நான்கு, ஐந்து தலைமுறையாக இருப்பவர்கள் நாம்.

ஆகவே தோட்ட ஆபிசுக்கு ஒரு தொப்பி உண்டு, குத்தகைக்காரர் தொப்பி. அந்தத் தொப்பியோடு "இந்த இடத்தில் கட்டுவதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை" என்று அது சொல்லலாம். அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும், நாம் அதற்கு எதிராகப் பேசவும் முடியும். ஆனால் "கட்டட விதிக்கு முரண்" என்று தீர்ப்புச் சொல்லும் தொப்பி அதற்கு இல்லை. அது உள்ளூராட்சி மன்றத்தின் தொப்பி. துரை அதை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நம்மை மிரட்டுகிறார். சபையோ தன் தொப்பி காணாமற் போனதையே கவனிக்காமல் இருக்கிறது.

விதி என்ன சொல்கிறது?

ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசுமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி: இந்த இடத்துக்கு எந்தச் சட்டம்? நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்யப்பட்ட பிரதேசமா, இல்லையா? பிரகடனம் செய்யப்பட்டிருந்தால் அந்தச் சட்டமும், அதன் திட்டமிடல் ஒழுங்குவிதிகளும், அங்கே அபிவிருத்தித் திட்டம் இருந்தால் அதில் குறித்த வலயமும் பொருந்தும். பிரகடனம் இல்லையென்றால் 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரே தோட்டத்தின் ரோட்டோர டிவிசன் ஒன்றிலும் மேல் டிவிசன் இன்னொன்றிலும் அடங்கலாம். எந்தச் சட்டம் என்று சொல்லாமல் "விதிக்கு முரண்" என்று எழுதும் கடிதம் முகவரி இல்லாத தபால். அதற்கு நாம் எழுத வேண்டிய முதற் பதில் ஒரு வரிதான்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு?

இரண்டாவது கேள்வி: நாம் செய்தது பழுதுபார்த்தலா, மாற்றமா? இங்கே நம் ஆட்களும் ஏமாறக் கூடாது. புதிதாக ஓர் அறை சேர்ப்பதும், வெளியே குசினி கட்டுவதும், இரண்டு சுவர்களுக்கு நடுவிலுள்ள வெளிக்குக் கூரை போடுவதும் சட்டத்தின் கண்ணில் மாற்றம்தான். அதற்கு அனுமதி வேண்டும். "சின்ன அறைதானே" என்பது பதிலாகாது. ஆனால் ஓட்டைத் தகரத்தைக் கழற்றி நல்ல தகரம் போடுவதையும், வெடித்த சுவருக்குச் சாந்து பூசுவதையும், இஸ்தோப்புத் தரைக்குச் சீமெந்து போடுவதையும் நாங்கள் பழுதுபார்த்தல் என்றே வாசிக்கிறோம். மழை ஒழுகும் கூரையை மாற்றியதற்குக் கூட எச்சரிக்கைக் கடிதம் கொடுத்த தோட்டங்கள் இருக்கின்றன. அது சட்டத்தை வாசித்துக் கொடுத்த கடிதம் அல்ல, ஆளைப் பார்த்துக் கொடுத்தது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: அனுமதி இல்லாமல் கட்டியிருந்தாலும் அதை இடிக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? இரண்டு சட்டங்களிலும் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கட்டளை அங்கிருந்துதான் வர வேண்டும். அரச காணியிலிருந்து ஆளை எழுப்புவதற்கும் நீதவானிடம்தான் போக வேண்டும். வாட்சரும் வெல்பெயார் ஆபிசரும் கடப்பாரையோடு வந்து தகரத்தைப் பிரிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அப்படி வந்தால் கைகலப்பு வேண்டாம். போனில் படம் எடுங்கள், தோட்டத் தலைவருக்குச் சொல்லுங்கள், பொலிஸில் முறைப்பாடு எழுதி அதன் பிரதியைக் கையில் வாங்குங்கள்.

வளவு என்ற சொல்

நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில் ஒரு நல்ல விலக்கு இருக்கிறது. ஒரு வீட்டின் வளவுக்குள், புதிய கட்டடத் திட்டம் சமர்ப்பிக்கத் தேவைப்படும் அளவுக்குக் கட்டட வேலை எதுவும் இல்லாமல், வீட்டு வாழ்வுக்குத் துணையாக நிலத்தைப் பயன்படுத்துவது அனுமதி வேண்டிய அபிவிருத்தி வேலை ஆகாது. ஊரில் வளவோடு வீடு வைத்திருப்பவர் முற்றத்தில் வலை கட்டிப் பூப்பந்து ஆடுவார், பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போடுவார், யாரும் கேட்க மாட்டார்கள். சட்டமே கேட்காதே என்கிறது.

இனி நம்மைப் பார்ப்போம். லயத்துக்கு வளவு எது?

பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. 120 சதுர அடி. முன்னால் இஸ்தோப்பு, அதற்கு முன்னால் கான், கானைத் தாண்டினால் பொதுப் பாதை, பாதையைத் தாண்டினால் தேயிலை. முதுகு லயமென்றால் பின்பக்கச் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். இதில் எது என் வளவு, எது உன் வளவு? கான் விளிம்பில் நாலு கத்தரிச்செடி வைத்தாலே இது தோட்டத்துக் காணி என்று வருகிறார்கள். சட்டம் வீட்டுக்காரருக்குக் கொடுத்த சலுகை, வளவு இல்லாத காரணத்தால் நம் வாசலுக்கு வரும்போது காணாமற் போகிறது. விதியைப் படித்து விளக்கம் சொல்லும் பெரியவர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொல்லட்டும்.

பாடசாலையில் "எனது வீடு" என்று படம் வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் தனி வீடு வரைகிறார்கள். வேலி, படலை, மாமரம், கிணறு, எல்லாம் இருக்கும். அவர்களில் பலர் அப்படியொரு வீட்டில் ஒரு நாளும் தூங்கியதில்லை. லயத்தை வரைந்த பிள்ளையை நாங்கள் இதுவரை கண்டதில்லை. 2023 இல் மலையகம் 200 என்று ஊர் ஊராக நினைவு கொண்டாடினோம். இருநூறு ஆண்டுக்குப் பிறகும் வளவு நம் பிள்ளைகளின் சித்திரக் கொப்பியில்தான் இருக்கிறது.

7 பேர்ச்சஸ் கிடைத்தவர்களுக்காவது விடிந்ததா? கணக்குப் போடுவோம். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. ஏழு பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,905 சதுர அடி. இந்திய உதவித் திட்டத்தின் வீடு 550 சதுர அடி. அதாவது காணியின் மூன்றில் ஒரு பங்கை விடக் குறைவு. மிச்சம் 1,350 சதுர அடிக்கு மேல். மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஓர் அறை சேர்க்கக் கணக்கில் இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் எல்லைக் கல் எங்கே? நில அளவைப் படம் எங்கே? உறுதி கையில் இருக்கிறதா? உறுதியும் படமும் இல்லாத வீட்டுக்குப் பிளான் பாஸாவது எப்படி? வீட்டைக் கொடுத்துவிட்டுக் காகிதத்தைக் கொடுக்காமல் விட்டால், அந்தக் குடும்பம் சேர்க்கும் ஒவ்வொரு அறையும் முதல் நாளிலேயே குற்றமாகப் பிறக்கிறது. அதன் பிறகு நம்மைப் பார்த்துச் சட்டம் மதிக்காதவர்கள் என்கிறார்கள்.

மைதானம் கேட்பது ஆடம்பரமா?

வொலிபோல் கோர்ட் விடயத்தில் நாங்கள் இளைஞர்களோடும் ஒளிவு மறைவில்லாமல் பேசினோம். பிரகடனப் பிரதேசத்தில் மலையை வெட்டிச் சமப்படுத்துவது அனுமதி வேண்டிய வேலைதான். கட்டடம் எழுப்பவில்லையே, வெறும் மண்தானே என்று அவர்கள் வாதிட்டார்கள். சட்டம் கட்டடத்தை மட்டும் பார்ப்பதில்லை, நிலத்தில் செய்யும் வேலையையும் நிலத்தின் பயன்பாடு மாறுவதையும் பார்க்கிறது. அதிலும் பீலிக்கு மேலே மண் வெட்டினால் மழைக்கு அந்த மண் குடிதண்ணீரில் விழும். நிறுத்தியது ஒரு வகையில் நல்லதே என்று நாங்கள் சொன்னபோது அவர்கள் முகம் சுருங்கியது. ஆனால் அடுத்த கேள்விக்கு எங்களிடமும் பதில் இல்லை: "அப்ப வேற எங்க விளையாடுறது, மாஸ்டர்?"

தோட்டங்களில் சமமான நிலம் இல்லாமல் இல்லை. அது யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதே வரலாறு. டரவளையிலும் ரதல்லையிலும் துரைமார் கழகங்களுக்கு அழகான கிரிக்கெட் மைதானங்கள் உண்டு. பங்களாக்கள் பலவற்றில் டென்னிஸ் தரை இருந்தது. தோட்டம் போட்ட காலத்தில் வரைபடத்தில் நல்ல தட்டை நிலம் பங்களாவுக்கும் ஸ்டோருக்கும் போனது. லயத்துக்குச் சரிவும் பள்ளமும் மிஞ்சின. பிள்ளைகளின் விளையாட்டுக்கு என்று எதுவும் குறிக்கப்படவில்லை. குறிக்கப்படாததால் இன்று எங்கே விளையாடினாலும் அத்துமீறல்.

விளையாட இடமில்லாத இளைஞன் மாலை ஐந்து மணிக்கு எங்கே போகிறான் என்று தாய்மாருக்குத் தெரியும். சாராயக் கடைக்கு வழி கேட்டு யாரும் இரண்டு ஆபிஸுக்கு அலைய வேண்டியதில்லை.

பிரதேச சபைக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்துக்குள் நாங்கள் செலவழிக்க முடியாது, 33 ஆம் பிரிவு தடுக்கிறது என்று முப்பது ஆண்டாகச் சொல்லி வந்தீர்கள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டது. தோட்ட மக்களுக்கும் சபை நிதியிலிருந்து சேவை செய்ய வழி வந்தது. அதே ஆண்டு நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு ஆறாகின. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று நம் வாசலுக்கே சபைகள் வந்தன. உறுப்பினர்களில் நம் ஆட்களே நிறைய. அப்படியிருந்தும் கவுண்டரில் பழைய பதில்தான் வருகிறது என்றால், திருத்தம் சட்டப் புத்தகத்தில் நடந்தது, மேசையில் நடக்கவில்லை. வாக்குக் கேட்டு லயம் லயமாக வரும்போது அது தோட்டக் காணி என்று யாரும் வாசலில் நின்றதில்லையே.

மண்சரிவு: நம் பக்கப் பிழையும் சொல்வோம்

"பாதுகாப்புக்காகத்தான் தடுக்கிறோம்" என்ற வாதத்தை நாங்கள் லேசாகத் தள்ள மாட்டோம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. மலையகத்தில் எந்தக் கட்டடம் கட்டினாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும் என்பது சரியான விதி. அதை எதிர்த்து ஒரு வரியும் இந்த இதழில் வராது.

நம் ஆட்களும் பிழை செய்கிறார்கள். கானை மூடி அதன் மேல் குசினி கட்டுகிறார்கள். மழைத் தண்ணீர் போக வழியின்றி அடுத்த காம்பராவின் சுவரில் இறங்குகிறது. பின் மேட்டைச் செங்குத்தாக வெட்டி அறை போடுகிறார்கள். மலசலகூடக் குழியைப் பீலிக்கு மேலே தோண்டுகிறார்கள். தேர்தல் நேரத்தில் "நீங்க கட்டுங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்று வாயால் அனுமதி கொடுத்துவிட்டுக் கடிதம் வரும்போது போன் எடுக்காத தலைவர்களும் உண்டு. அவர்கள் எந்தச் சங்கத்திலும் இருக்கலாம், நம் சங்கத்திலும் இருக்கலாம். அப்படிப்பட்ட வாய் அனுமதியை நம்பாதீர்கள்.

ஆனால் பாதுகாப்பு என்றால் முழுவதும் பாதுகாப்பு. மீரியபெத்தையில் அந்த இடம் ஆபத்து என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் கொடுக்கப்படவில்லை. எட்டடி அறைக்கு மண்சரிவு அறிக்கை கேட்கும் நிர்வாகம், அந்த அறை ஒட்டியிருக்கும் நூறு வருட லயத்துக்கு அறிக்கை எடுத்திருக்கிறதா? புது அறை ஆபத்து, பழைய லயம் பத்திரம் என்றால் மலை இருவருக்கும் வேறு வேறாகவா சரியும்? பயமுறுத்தப் பாதுகாப்பு, பராமரிக்கப் பணமில்லை என்ற கணக்கை நாங்கள் ஏற்க மாட்டோம்.

நாங்கள் கேட்பது, நீங்கள் செய்ய வேண்டியது

எங்கள் கோரிக்கைகள் நான்கு. ஒன்று: ஒவ்வொரு டிவிசனுக்கும் எந்தச் சட்டம், எந்த வலயம் பொருந்தும் என்பதைப் பிரதேச சபை தமிழில் எழுதிப் பெரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். இரண்டு: விண்ணப்பத்தைச் சபை வாங்கிப் பதிந்த பிறகு, தோட்டத்தின் சம்மதத்தைச் சபையே எழுதிக் கேட்க வேண்டும், தொழிலாளியைப் பந்தாக உதைக்கக் கூடாது. மூன்று: லயக் குடும்பங்களுக்கு இவ்வளவு அடி உங்கள் வளவு என்று அளந்து குறிக்க வேண்டும், 7 பேர்ச்சஸ் கிடைத்தவர்களுக்கு நில அளவைப் படமும் உறுதியும் கையில் வர வேண்டும். நான்கு: ஒவ்வொரு டிவிசனிலும் மண்சரிவு அபாயமில்லாத ஓர் இடத்தை விளையாட்டு மைதானத்துக்கென ஒதுக்கி வரைபடத்தில் குறிக்க வேண்டும். வரைபடத்தில் வந்துவிட்டால் துரை மாறினாலும் மைதானம் மாறாது.

நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. கட்டுமுன் சங்கக் கிளைக்குச் சொல்லுங்கள். கானையும் மேட்டையும் தொடாத இடத்தைப் பார்ப்போம். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்குங்கள், வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். பதில் வாயால் வந்தால் எழுத்தில் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதிப் பேசி, தமிழிலேயே பதில் பெறுவது உங்கள் உரிமை. பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச சபையும் அதற்குக் கட்டுப்பட்டது. தகவல் கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எங்கள் டிவிசன் எந்த வலயம் என்ற மூன்று கேள்விகளையும் அந்தப் படிவத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

அந்தக் குடும்பத்தின் கதை இன்னும் முடியவில்லை. "எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு?" என்று தமிழில் ஒரு வரிக் கடிதம் எழுதி ஆபிசில் கொடுத்தோம். பிரதியில் முத்திரை வாங்கினோம். சபைக்குத் தகவல் விண்ணப்பமும் போட்டோம். 14 நாள் கெடு கடந்துவிட்டது. பதில் வரவில்லை, கடப்பாரையும் வரவில்லை. அறை நிற்கிறது. ஆனால் அனுமதி இல்லாமல்தான் நிற்கிறது, அதுவும் எங்களுக்குத் திருப்தி இல்லை. ஒளித்து வைத்த அறையில் பயந்து படிப்பதற்காக நாங்கள் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. அனுமதிக் காகிதம் கையில் வரும்வரை கேட்போம்.

கடிதம் வந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் அதைக் கிழிக்காமல், ஒளிக்காமல், அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். தனித்தனியாக மிரட்டிய கடிதங்களை ஒரே மேசையில் வைத்து எண்ணிப் பார்ப்போம். பிறகு எல்லோருமாகப் போய் சபையின் கதவைத் தட்டுவோம்.